தாண்டிப் போன தட்டு

திருவொற்றியூர்,
22 ஜனவரி 2024

கார்குழலிக்கு,

நானும் பிள்ளைகளும் நலம். நீ அங்கே உபவாசம், ஜெபம் என்று வயிற்றைக் காயப்போடாமல் இருக்கிறாயா? போனில் இரண்டு நிமிடத்தில் முடிகிற பேச்சு. உங்கள் ஊழியர் இல்லத்தில் போன் ஆகாது என்பதால் இந்தக் காலத்திலும் தபால்காரரை நம்பி எழுதுகிறேன்.

அம்மாவுக்குத்தான் நலமில்லை. அடிவயிற்றில் வலி என்கிறாள். ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவள் சோறு தின்னாமல் படுத்திருப்பது வலியினால் இல்லை.

போன மாதம் ராயபுரம் சபைக்குப் புதுப் பாஸ்டர் வந்தார் அல்லவா. இந்த மாதம் முதல் ஞாயிறு வழக்கம்போல் திருவிருந்து அப்பம் கொடுத்தார்கள். நான் சபைக்குப் போகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். அம்மாவை ஆட்டோவில் கொண்டுபோய் விட்டு அழைத்து வருவதோடு சரி. அன்றைக்கு வாசலில் நின்று பார்த்தேன். பின்வரிசையில் அம்மா இரண்டு கையையும் குவித்து நீட்டியிருக்கிறாள். அப்பத் தட்டு கொண்டுவந்த சபை மூப்பர் இந்தப் பக்கத்து அம்மாளுக்குக் கொடுத்தார், அந்தப் பக்கத்து அம்மாளுக்குக் கொடுத்தார். நடுவில் இருந்தவளைத் தாண்டிப் போய்விட்டார். நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

கேட்டால், அவள் கழுத்தில் தாலி இருக்கிறதாம். நகையும் சடங்குக் கயிறும் போட்டவர்களுக்குப் பந்தியில் இடமில்லையாம். நகையாம்! பொன் எல்லாம் அடகுக்கடைக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. வெறும் மஞ்சள் கயிறு, அதில் முடிந்த ஒரு மஞ்சள் துண்டு.

அப்பா 2019 கார்த்திகையில் பெனிட்டோ அண்ணன் படகில் போனார். நாலு பேர் போனதில் மூன்று பேர் திரும்பினார்கள். அப்பா வரவில்லை, அவர் உடலும் வரவில்லை. உடலைக் கண்ணால் பார்க்காமல் நம் குப்பத்தில் எவளும் தாலி எடுக்க மாட்டாள். சர்க்காரே காணாமல் போனவனுக்கு ஏழு வருடம் பொறுக்கிறது. பழைய பாஸ்டர் ஐயா இதே கயிற்றோடுதான் அம்மாவுக்குக் கடலில் ஞானஸ்நானம் கொடுத்தார். மூன்று வருடம் அப்பமும் கொடுத்தார்.

நீ அந்தச் சபையிலிருந்து ஊழியத்துக்குப் போன பெண். உன் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு. பாஸ்டருக்கு நாலு வரி எழுது.

உன் அக்கா
ராஜாத்தி

*

ஊழியர் இல்லம், திசையன்விளை,
12 பிப்ரவரி 2024

கிறிஸ்துவுக்குள் பிரியமான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். கர்த்தருடைய கிருபையால் இங்கே சுகமாயிருக்கிறேன். உங்கள் சுகத்துக்காகவும் பிள்ளைகளின் சுகத்துக்காகவும் ஜெபிக்கிறேன். அம்மாவின் வலிக்காக இங்கே சகோதரிகள் எல்லோரும் முழங்காலில் நிற்கிறோம்.

பாஸ்டர் ஐயா ஆத்துமாக்களுக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர். சபையின் ஒழுங்கு நம் நன்மைக்குத்தான். கீழ்ப்படிதலில் ஆசீர்வாதம் இருக்கிறது. அம்மா சோர்ந்துபோகாமல் இருக்கச் சொல்லுங்கள்.

எங்கள் கடிதங்களை மூத்த சகோதரி வாசித்துவிட்டுத்தான் கொடுப்பார், வாங்குவார். ஆகவே வார்த்தைகளைக் கொஞ்சம் பார்த்து எழுதுங்கள்.

கர்த்தருக்குள்,
கார்குழலி

*

திருவொற்றியூர்,
26 பிப்ரவரி 2024

கார்குழலிக்கு,

எல்லோரும் நலம், அம்மாவைத் தவிர. நான் எப்போதிலிருந்துடி உனக்கு 'நீங்கள்' ஆனேன்? ஒரே பாயில் படுத்து உதைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அம்மா கேட்டாள், "இதுல கார்குழலி எங்கடி கீறா?"

வாசிக்கிற மூத்த சகோதரிக்கும் என் வணக்கம். நான் வார்த்தையைப் பார்த்து எழுதுகிறவள் இல்லை. காலை நாலு மணிக்குக் காசிமேட்டுக் கொட்டகையில் இறால் உரிக்க உட்கார்ந்தால் மதியம் வரை ஐஸில் கை மரத்துப்போகும், வாய் மட்டும் மரக்காது.

நீ எழுத மாட்டாய் என்று தெரிந்ததும் நானே பாஸ்டரிடம் போனேன். மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். "பாஸ்டர், ஊர் சுத்திட்டு வந்த புள்ள கதைய நீங்கதான மைக்ல சொன்னீங்க? வாசல்ல நின்னு கேட்டேன். பன்னி மேச்சிகினு இருந்தவன் வூட்டுக்குத் திரும்பி வந்தா அப்பன் இன்னா பண்ணாரு? கைல மோதரம் போட்டு வுட்டாரு. மொதல்ல அத்தக் கழட்டு, இத்தக் கழட்டுன்னாரா?"

அவர் சிரித்தார். "அது உவமைம்மா. நீங்க விசுவாசி இல்ல. உங்களுக்குப் புரியாது."

"புரிய வைங்க. எங்கம்மா கயித்த ரவிக்கைக்குள்ள செருகிகினுதான் வருது. நீங்க எப்டிப் பாத்தீங்க?"

"நான் பாக்கலைம்மா. எழுத்துல வந்தது" என்றார். யார் எழுதியது என்று கேட்டேன். ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று எழுந்துவிட்டார்.

எந்தப் புண்ணியவதி உட்கார்ந்து எழுதினாளோ தெரியவில்லை. நம் தெருவில் அந்தச் சபைக்குப் போகிறவர்கள் மூன்றே வீடு. மூன்று வீட்டிலும் ஏறி இறங்கிச் சண்டை போட்டுவிட்டேன், எல்லோரும் பிள்ளை மேல் சத்தியம் செய்கிறார்கள். உனக்கு யார் மேலாவது சந்தேகம் இருந்தால் எழுது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ராஜாத்தி

*

ஊழியர் இல்லம், திசையன்விளை,
30 மார்ச் 2024

பிரியமான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். சுகம். உங்கள் சுகத்தை அறிய ஆவல். இங்கே வெயில் கடுமை.

அம்மாவுக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். வாசித்துக் காட்டுங்கள். அம்மா கீழ்ப்படிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறேன். தயவுசெய்து யாரோடும் சண்டை போட வேண்டாம்.

கார்குழலி

*

திருவொற்றியூர்,
22 ஏப்ரல் 2024

கார்குழலிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இன்று மனசில்லை.

உன் தாளை அம்மா மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "இந்தக் கயிற்றை ஆண்டவருக்காகக் கழற்றுங்கள், அவர் அப்பாவைப் பற்றிய பாரத்தையும் கழற்றிப்போடுவார்" என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் மட்டும் நாலாவது தரம். பிறகு தாளை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கொட்டகையிலிருந்து வருகிறேன், வாசலில் கூட்டம். அம்மா தாலியைத் தலைவழியாகக் கழற்றி அப்பா போட்டோவுக்கு முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். "அறுக்கலடி, கழட்டினேன்" என்றாள் என்னிடம். ஏதோ அதில் பெரிய வித்தியாசம் இருப்பதுபோல. குப்பத்துக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? "செல்லம்மா தாலிய எடுத்துட்டாளாமே, பாடி கெடச்சிச்சா?" என்று ஒருத்தி ஓடி வந்தாள். பின்னாலேயே பத்துப் பேர் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். ஒப்பாரி ஆரம்பித்துவிட்டது. யாரோ மாலை வாங்கிவந்து போட்டோவுக்குப் போட்டார்கள். பெனிட்டோ அண்ணன் தெருமுனை வரைக்கும் வந்து, வீட்டுக்குள் வர முடியாமல் திரும்பிப் போனார்.

நாலரை வருடமாக அப்பா கடலுக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் செத்துப்போனார். கொன்றது கடல் இல்லை. அதையும் எழுதிவிட்டேன், உங்கள் மூத்த சகோதரி வாசிக்கட்டும்.

அம்மா அழவில்லை. "அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கெயம அப்பம் குடுப்பாங்க இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

ராஜாத்தி

*

திருவொற்றியூர்,
13 மே 2024

கார்குழலிக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உயிரோடு இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஐந்தாம் தேதி அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். வெறுங்கழுத்தோடு போனாள். இந்தத் தடவை நான் வாசலில் நிற்கவில்லை, உள்ளே போய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். தட்டு வந்தது. அம்மா கையை நீட்டினாள். நீட்டும்போது சபைக்குப் போடுகிற முழுக்கை ரவிக்கையின் கை மேலே ஏறிவிட்டது. முழங்கைக்குக் கீழே அப்பா பேரைப் பச்சை குத்தியிருக்கிறாளே, கல்யாணமான வருடம் மாசி மகத்துக்குக் குத்திக்கொண்டது. மூப்பர் அதைப் பார்த்தார். எடுத்த அப்பத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டுப் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் இறங்கி வந்தார். மெதுவாகத்தான் பேசினார், அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

"பச்சை குத்தறது வேதத்துல விலக்கினதும்மா. இப்பல்லாம் லேசர் வெச்சி எடுத்துடறாங்க. எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் ஜெபத்துல வெச்சிக்கலாம்."

நான் எழுந்து நின்று கத்தினேன். "அறுபது வயசுப் பொம்பள புருசனயே குடுத்துட்டு வந்து குந்தினுகீறா. இன்னும் இன்னாய்யா ஓணும் உங்களுக்கு?" பாட்டைச் சத்தமாகப் பாடச் சொல்லி என் குரலை அமுக்கிவிட்டார்கள். அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

ஆட்டோ டோல்கேட்டைத் தாண்டியது. அம்மா கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கயித்தக் கேட்டாங்க, குடுத்துட்டேன். இனிமே கழட்றதுக்குத் தோலுதான் கீது."

ஸ்கேன் முடிவும் வந்துவிட்டது. கர்ப்பப்பையில் கட்டி. ஆகஸ்டு எட்டாம் தேதி ஆபரேஷன். வயதும் சர்க்கரையும் இருப்பதால் உறுதி சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். அம்மாவுக்கு ஆபரேஷன் பயம் இல்லை. அந்தத் தட்டு இன்னொரு தபா தன் முன்னால் நிற்காமலே போய்விடுமோ என்பதுதான் பயம்.

நீ கழற்றச் சொன்னாய், கழற்றினாள். இப்போது என்ன சொல்கிறாய்?

ராஜாத்தி

*

திசையன்விளை,
14 ஜூன் 2024

அக்கா,

இந்தக் கடிதத்தை இல்லத்துக்குக் கீரை கொண்டுவருகிற அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். யாரும் வாசிக்கவில்லை. பதிலை அவர்கள் வீட்டு விலாசத்துக்கு எழுது, பின்னால் குறித்திருக்கிறேன்.

உன் மே மாதக் கடிதத்தை என் கையில் தரவில்லை. மூத்த சகோதரி அதைக் காலை ஜெபத்தில் எல்லோருக்கும் வாசித்தார். அடங்காத குடும்பத்துக்கு அடையாளமாக வாசித்தார். "இனிமே கழட்றதுக்குத் தோலுதான் கீது" என்பதை அவர் நம் பேச்சிலேயே சொல்லிக் காட்டினார். சில பேர் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், அக்கா. எழுந்து போகவில்லை.

நீ மூன்று வீட்டில் சண்டை போட்டாயே. அவர்களிடம் மன்னிப்புக் கேள். எழுதியது நான்.

போன வருடம் முதல், வருட முடிவில் ஊழியக்காரர்கள் எல்லோரும் குடும்ப அறிக்கை கொடுக்க வேண்டும். வீட்டில் யார் யார், என்ன பழக்கம், நகை உண்டா, சடங்கு உண்டா என்று கேட்டிருக்கும். மறைத்தவர்களைச் சபைக்கு முன் நிறுத்துவார்கள். நான் "தாயார் தாலி அணிகிறார்" என்று எழுதினேன். பயத்தில் எழுதினேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. என் தாயைக்கூட நான் மறைக்கவில்லை என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது. அந்தத் தாள் ராயபுரத்துக்குப் போகும் என்று தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

பிறகு, அம்மா கழற்றிவிட்டால் நான் செய்தது சரியென்று ஆகிவிடும் என்று நினைத்தேன். அதனால்தான் அந்தத் தாளை வைத்தேன்.

இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. கிருபை, கிருபை என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறோம். ஒரு நாளாவது பயமில்லாமல் சாப்பிட்டதில்லை.

அம்மாவிடம் சொல்லாதே. சொன்னால் சொல். எனக்குத் தெரியவில்லை.

கார்குழலி

*

திருவொற்றியூர்,
8 ஜூலை 2024

கார்குழலிக்கு,

உன் கடிதம் வந்த அன்று கிழித்துப்போட எடுத்தேன். பெற்ற தாயைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டு, யார் என்று நான் தெருத் தெருவாகக் குரைத்துக்கொண்டிருந்தபோது வாயை மூடிக்கொண்டு இருந்தாயே! நாலு மாதம்! உன்னை நேரில் பார்த்திருந்தால் மயிரைப் பிடித்து உலுக்கியிருப்பேன். மூன்று வீட்டிலும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஒருத்தி முகத்திலேயே கதவைச் சாத்தினாள். அதுவும் உன் கணக்கில்தான்.

இரண்டு வாரம் அம்மாவிடம் சொல்லவில்லை. பிறகு ஆத்திரம் தாங்காமல், அவளும் உன்மேல் கோபப்பட வேண்டும் என்றே முழுதும் வாசித்தேன். நான் நினைத்தது நடக்கவில்லை. "கொயந்த. பயந்துட்டா" என்றாள். அவ்வளவுதான். உனக்கு முப்பத்தொரு வயது!

"அவ மன்னிப்புக்கூட ஒயுங்கா கேக்கல, நீ அதுக்குள்ள உட்டுட்டியா?" என்று கத்தினேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னாள். எழுதுகிறேன்.

"அடி கார்குழலி, பெனிட்டோ படகு கரைக்கு வரச்சொல்ல எல்லாம் பங்கு பிரிக்கிறாங்க இல்ல? உங்கப்பன் நாலரை வருசமா வல இஸ்கல, துடுப்பத் தொடல. ஆனா அவரு பங்கு மீனு நம்ம வூட்டு வாசல்ல வந்து குந்துது. மொத வருசம் எனக்கு வெக்கமா இருந்துச்சி. சும்மா வாங்கித் துன்றமேன்னு படகு கயுவப் போனேன். பெனிட்டோ வாளியப் புடிங்கிகினான். 'நீ கயுவினா அது கூலி ஆய்டும் சின்னம்மா. இது பங்கு'ன்னான். அன்னிக்குத்தான் எனக்கு சாமி புரிஞ்சிச்சி. பாஸ்டரு படிச்சவரு, அவருக்கு யாரும் பங்கு குடுத்ததில்ல போல. பாவம். நீ ஒயுங்கா சாப்டு."

படித்துவிட்டாயா? எனக்கு உங்கள் வேதம் தெரியாது. ஆனால் இதைக் கேட்டபோது என் ஆத்திரமெல்லாம் இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம்தான். பாஸ்டரை நினைத்ததும் மறுபடி ஏறிவிட்டது.

ஆகஸ்டு நாலாம் தேதி ஞாயிறு அப்பம் கொடுக்கிறார்கள். எட்டாம் தேதி ஆபரேஷன். அம்மா போகத்தான் போகிறாள். "தரலனாலும் கைய நீட்டுவேன்" என்கிறாள். அந்தக் கையை மறுபடி வெறுமையாக மடக்குவதைப் பார்க்க என்னால் முடியாது, ஆனாலும் போவேன்.

உன்னை வா என்று கூப்பிட மாட்டேன்.

ராஜாத்தி

*

ஊழியர் இல்லம், திசையன்விளை,
13 ஆகஸ்டு 2024

திருமதி ராஜாத்தி அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். தாங்கள் குடும்பமாகச் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

தங்கள் சகோதரி கார்குழலி ஆகஸ்டு இரண்டாம் தேதி அனுமதியின்றி இல்லத்தை விட்டு வெளியேறினார். நாலாம் தேதி ராயபுரம் சபையில் அவர் நடந்துகொண்ட விதம் குறித்துப் பாஸ்டர் ஐயா மிகுந்த வேதனையுடன் எழுதியிருக்கிறார். அவர் மீண்டும் ஊழியத்தில் சேர விரும்பினால் சபைக்கு முன்பாகத் தன் மீறுதலை அறிக்கையிட்டு, ஆறு மாதம் பந்தியிலிருந்து விலகியிருக்க வேண்டும். இல்லையெனில் இல்லத்தின் வெள்ளைச் சேலைகள் இரண்டையும் உடனே திருப்பி அனுப்பவும்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
மூத்த சகோதரி

*

திருவொற்றியூர்,
20 ஆகஸ்டு 2024

மூத்த சகோதரி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். என்னை உங்களுக்கு நான் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியதில்லை. எங்கள் வீட்டு நல்லது கெட்டதை இத்தனை நாளாக உறை பிரித்து வாசித்தவர் நீங்கள். நீங்கள் வாசிக்காத பாகத்தை மட்டும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் கார்குழலி வந்தாள். வாசலிலேயே அம்மா காலைப் பிடித்துக்கொண்டு, நான்தாம்மா எழுதினேன், நான்தாம்மா எழுதினேன் என்று அழுதாள். நான் கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையாக மனசில் வைத்திருந்தேன். அம்மா என்னைப் பேசவிடவில்லை. "அத்த உடு. எயுந்துரு, கொயம்பு ஆறுது" என்று சொல்லித் தட்டில் சோறு போட்டாள். பசி தாங்காதவள்போல் அவள் தின்றாள். உங்கள் இல்லத்தில் என்னதான் போடுகிறீர்கள்?

மறுநாள் சபையில் வெள்ளைச் சேலையைப் பார்த்துவிட்டு, வெளியூர் ஊழியத்திலிருந்து வந்தவள் என்று மரியாதையாக முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அப்பம் முதலில் அவர்களுக்குத்தான். அவள் கையில் ஒரு துண்டு வைத்தார் மூப்பர். அவள் வாயில் போடவில்லை. எழுந்தாள். நடுவழியில் நடந்து, கடைசி வரிசைக்கு, எங்கள் அம்மாவிடம் வந்தாள்.

அம்மா கையைக் குவித்து நீட்டியிருந்தாள். பச்சை குத்தின கை அப்படியே தெரிந்தது, மறைக்கவில்லை. பாஸ்டர் மைக்கில் "சகோதரி, சகோதரி" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். கார்குழலி திரும்பவில்லை. அந்தத் துண்டை இரண்டாகப் பிட்டு ஒன்றை அம்மா கையில் வைத்தாள். ஏதாவது வசனம் சொல்வாளென்று நினைத்தேன். "சாப்பிடும்மா" என்று மட்டும் சொன்னாள். அம்மா தின்றாள். மூப்பர் தட்டோடு ஓடிவந்து பக்கத்தில் நின்றார், ஆனால் வாயில் போனதைப் பிடுங்க அவருக்கு வழி தெரியவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு என்னவானாலும் அம்மா இப்போது இரண்டு வேளை சோறு கேட்டு வாங்கித் தின்கிறாள்.

சேலைகள் இரண்டையும் துவைத்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கார்குழலி திரும்பி வர மாட்டாள். நாளை முதல் என்னோடு கொட்டகைக்கு வருகிறாள்.

அறிக்கையிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தை அவளிடம் காட்டி, ஒப்புக்கொள்ள உனக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்று இருக்கிறதாம், உங்களுக்கு எழுதச் சொன்னாள். அம்மாவுக்குப் பாதி கொடுத்தது தப்பு, முழுசையும் கொடுத்திருக்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
செல்லம்மா மகள் ராஜாத்தி